மகளிர் நோயியலில் ரோபோ அறுவைச் சிகிச்சை

மகளிர் நோயியலில் ரோபோ அறுவைச் சிகிச்சை என்பது கருப்பை, சூலகம், கருக்குழாய் முதலிய உறுப்புகளில் மேற்கொள்ளப்படும் அறுவைச் சிகிச்சைகளை, மருத்துவர் இயக்கும் ரோபோக் கைகளின் துணையுடன் செய்யும் முறை ஆகும். ரோபோ தானாக முடிவெடுப்பதில்லை. மருத்துவரின் கையசைவுகளையே கருவிகளுக்குக் கடத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை விரைவாகப் பரவியது. எந்நோய்க்கு எது பொருத்தம் என்பதற்கான பெரிய ஆய்வுகள் பின்னரே வெளிவந்தன.

செயற்படும் முறை

வயிற்றில் சிறு துளைகள் இடப்பட்டு, கரியமில வாயுவால் வயிற்றறை விரிக்கப்படுகிறது. துளைகளின் வழியாக ஒளிப்படக் கருவியும் அறுவைக் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தவாறு அவற்றை இயக்குகிறார். வழக்கமான லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீண்ட, வளையாத கோல்கள். ரோபோக் கருவியின் நுனி மணிக்கட்டைப் போல வளைவதால், இடுப்புக்குழியின் ஆழத்திலும் தையலிடுதல் எளிதாகிறது.

வரலாறு

1990களின் இறுதியில் கிளீவ்லாந்து கிளினிக்கில், சீயஸ் என்னும் ரோபோவைக் கொண்டு கருக்குழாய்களை மீண்டும் இணைக்கும் சிகிச்சை செய்யப்பட்டது. இன்டியூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனத்தின் டா வின்சி கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000 ஆம் ஆண்டில் பொது லேப்ராஸ்கோப்பிச் சிகிச்சைகளுக்கும், 2005 ஆம் ஆண்டில் மகளிர் நோயியல் சிகிச்சைகளுக்கும் ஒப்புதல் அளித்தது.

பயனும் செலவும்

புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கருப்பை நீக்கம் செய்துகொண்ட 2,64,758 அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வு 2013 இல் வெளியானது. இதன்படி, 2007 இல் 0.5% ஆக இருந்த ரோபோ முறை 2010 இல் 9.5% ஆக உயர்ந்தது. லேப்ராஸ்கோப்பி முறையுடன் ஒப்பிடுகையில் சிக்கல்களின் அளவு ஏறத்தாழ ஒன்றே; செலவு மட்டும் ஒரு சிகிச்சைக்கு 2,189 டாலர் கூடுதல். வயிற்றைத் திறந்து செய்யும் முறையைவிட ரோபோ முறையில் வலி குறைவு, வீடு திரும்புதலும் விரைவு. ஆனால் இந்நன்மைகளைச் செலவு குறைந்த லேப்ராஸ்கோப்பியும், யோனி வழியான கருப்பை நீக்கமும் தருகின்றன. இதனால், எந்த முறையுடன் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே ரோபோ முறையின் மதிப்பு அமைகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை

தொடக்கநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கொண்ட 631 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018 இல் வெளியானது. நான்கரை ஆண்டுகளில் நோய் மீளாது உயிருடன் இருந்தோரின் விகிதம், திறந்த முறையில் 96.5%, சிறுதுளை முறையில் 86.0% என மதிப்பிடப்பட்டது. சிறுதுளைப் பிரிவில் 15.6% மட்டுமே ரோபோ முறை, எஞ்சியவை லேப்ராஸ்கோப்பி. எனவே இவ்வேறுபாட்டிற்கு ரோபோவை மட்டும் காரணமாகக் கூற இயலாது. சிறிய தழும்பு, விரைவான குணம் ஆகியவை நீண்டகால உயிர்வாழ்வுக்கு உறுதியாகா என்பதை இவ்வாய்வு காட்டியது.

2019 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், புற்றுநோய்ச் சிகிச்சையிலும் தடுப்பிலும், மார்பக நீக்கத்திலும் ரோபோக் கருவிகளின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என எச்சரித்தது. மாற்று முறைகளைக் குறித்தும், மருத்துவரின் பயிற்சி, அனுபவம் ஆகியவற்றைக் குறித்தும் நோயாளிகள் கேட்டறியுமாறு அது அறிவுறுத்தியது.

இவற்றையும் பார்க்கவும்

கருப்பை நீக்கம்
கருப்பை வாய்ப் புற்றுநோய்
லேப்ராஸ்கோப்பி