ஒரு ரூபாய் டோக்கனும் ஒரு மணி நேரமும்

பெங்களூரின் கம்ப்யூட்டர் வரலாற்றை எழுதுகிறவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் ஒரு தலைமுறைப் பையன்கள் முதன்முதலில் திரையோடு பேசியது வீடியோ கேம் கடைகளில்தான். என் சித்தப்பா ஸ்ரீராமபுரத்தில் அப்படியொரு கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் வேலை. பின்னாளில் நானே ஒரு கேமிங் கஃபே நடத்தினேன். ஆட்டத்தை விட ஆடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடை என்றால் ஒரு சின்ன அறை, சுவரையொட்டி ஐந்து மரப்பெட்டிகள். மெஷின் என்று யாரும் சொல்வதில்லை, பெட்டிதான். உள்ளே ஒரு பழைய கலர் டிவியின் பிக்சர் டியூப், ஒரு பவர் சப்ளை, ஒரு போர்டு. அந்தப் போர்டுதான் ஆட்டம். ஜப்பானியக் கம்பெனிகள் 1985 வாக்கில் ‘ஜாம்மா’ என்ற பொதுவான இணைப்பு முறையைக் கொண்டுவந்திருந்ததால், பெட்டியை மாற்றாமல் போர்டை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகினால் புது ஆட்டம் வந்துவிடும். எங்கள் கடைக்கு வந்தவை பெரும்பாலும் நகல் போர்டுகள். எந்தக் கை மாறி வந்தன என்று சித்தப்பா சொன்னதில்லை.

போர்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு டோக்கனுக்கு எத்தனை லைஃப், எதிரி எவ்வளவு கடுமையாக அடிப்பான், எத்தனை பாயின்ட்டுக்கு ஒரு லைஃப் கூடும் என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கும். ஒரு பையன் ஒரே டோக்கனில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டால் அந்தப் பெட்டிக்கு அன்று சோறு இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கியபின் சித்தப்பா பெட்டியின் பின்கதவைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு சுவிட்சுகளைத் தள்ளுவார். மறுநாள் சாயங்காலம் அதே பையன் வந்து ஒரு நிமிஷம் ஆடியதும் கையை எடுத்துவிடுவான். “அண்ணா, போர்டுல கை வெச்சிட்டீங்களா?” என்பான் சித்தப்பாவிடம். கோபம் இருக்காது. எதிரி ஒரு அடி முன்னாலேயே குத்துகிறான் என்பது அவன் விரலுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் புது வேகத்தையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். கல்லாவிலிருந்து நான் பார்த்த ஆட்டக்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் இந்த ஒற்றை டோக்கன்காரன். பெரும்பாலும் ஏழைப் பையன், கையில் இருப்பது ஒரே ரூபாய். அதனாலேயே கடையில் அவன்தான் மிகச் சிறந்த ஆட்டக்காரன்.

1991-இல் கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ எங்கள் கடைக்கு வந்தபோது வேறொரு வகை ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அதுவரை பெட்டியோடு ஆடினார்கள், இப்போது பக்கத்தில் நிற்கிறவனோடு. தோற்றவன் டோக்கன் போட வேண்டும், ஜெயித்தவன் நின்ற இடத்திலேயே நிற்கலாம். வேலை விட்டு வரும் மில் தொழிலாளியும் எட்டாம் வகுப்புப் பையனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றதை அங்கேதான் பார்த்தேன். பெரியவன் தோற்றால் சின்னவனை முறைப்பான், ஆனாலும் காசு போடுவான். கடையின் சட்டம் அது.

1993-இல் அதே கேப்காம் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற ஆட்டத்தை விட்டது. இந்தியாவில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் பெயர் முஸ்தபா, ஆட்டமே முஸ்தபா கேம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் முஸ்தபாதான் வேண்டும், அவனைப் பிடிப்பதற்கே சண்டை வரும். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் கூட்டாளிகளாக வந்தார்கள். தமிழும் கன்னடமும் உருதும் கலந்த பேச்சு: “குரு, சோறு எனக்கு விடு”, “மச்சா, பின்னாடி வர்றான் பாரு”. சோறு என்றது திரையில் விழும் இறைச்சித் துண்டை. அதைத் தின்றால் உயிர் ஏறும். சாகக் கிடக்கிறவனுக்கு அதை விட்டுக்கொடுக்கிறவன் யார், ஓடிப்போய் தானே எடுக்கிறவன் யார் என்று பார்த்தே அந்தத் தெருப் பையன்களை நான் எடைபோட்டு வைத்திருந்தேன்.

இவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு கூட்டம் நிற்கும். காசு போடாது, நகரவும் நகராது. வேடிக்கை பார்க்கிறவர்கள். “போங்கடா வெளியே” என்று சித்தப்பா விரட்டுவார், ஆனால் முழுக்க விரட்ட மாட்டார். “ஆளே நிக்காத பெட்டியில எவன்டா காசு போடுவான்?” என்று என்னிடம் சொல்வார். எந்த எதிரி எந்தப் பக்கம் வருவான், எந்தப் பீப்பாயை உடைத்தால் என்ன வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆட்டம் பற்றிய அறிவு தெருவில் பரவியது அவர்கள் வழியாகத்தான். பெரும்பாலானவர்கள் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை.

இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ராய் ட்ரப்ஷாவும் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் உருவாக்கிய, எழுத்துகளால் மட்டுமே ஆன ‘மட்’ என்ற ஆட்டத்தின் வழி வந்த உலகங்களை வைத்து எழுதியது. புள்ளி சேர்க்கிறவர், புதிய இடம் தேடி அலைகிறவர், பிறரோடு பழக வருகிறவர், பிறரைத் தாக்கி மகிழ்கிறவர் என்று சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களையும் அவர்களுக்குக் கொடுத்தார். உலகமெங்கும் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. இந்த நான்கும் மனிதனின் உள்ளே முன்பே இருக்கும் குணங்கள் போலப் பேசப்படுகின்றன. எங்கள் கடையில் இடம் தேடி அலைகிறவன் ஒருவன்கூட இருந்ததில்லை. ஸ்ரீராமபுரத்தில் அப்படிப்பட்ட மனம் படைத்தவர்களே இல்லையா? இருந்திருப்பார்கள். ஆனால் முஸ்தபா கேமில் கொஞ்சம் நின்று சுற்றிப் பார்த்தால் நேரம் ஓடிவிடும், லைஃப் போகும், இன்னொரு ரூபாய் போகும். காசு வாங்கும் முறை அந்த மனத்துக்கு இடமே கொடுக்கவில்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கோ அந்த நான்கில் ஒரு சின்னமும் இல்லை.

பெட்டிக்கடை காலத்தின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். ஊரின் வேறு சில பார்லர்களில் பெரியவர்கள் மட்டும் போகும் பெட்டிகள் இருந்தன. திரையில் சீட்டு வரும், பணம் கட்டி ஆடுவார்கள். வீடியோ கேம் பார்லர்கள் பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது: எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு, 1995. வீடியோ கேம் நடத்தப் போலீஸ் உரிமம் வேண்டும் என்பதை நடத்துகிறவர்கள் எதிர்த்தார்கள். உரிமம் கேட்கும் அதிகாரம் செல்லும் என்றும், ஓர் ஆட்டத்தில் திறமை ஓங்கி நிற்கிறதா அதிர்ஷ்டம் ஓங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பெட்டிகளில் சூது இல்லை. ஆனால் பெயர் ஒன்றுதான் என்பதால் கெட்ட பெயரும் எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மாக்கள் துடைப்பத்தோடு வந்து பையன்களை இழுத்துக்கொண்டு போனார்கள். பெண் பிள்ளைகள் வாசற்படி ஏறியதே இல்லை. என் தங்கை அந்தத் தெருவிலேயே வளர்ந்தாள், சித்தப்பா கடைக்குள் ஒருநாளும் வரவில்லை. வீட்டு டிவியில் மாட்டும் மலிவு விலை கேம், மஞ்சள் கேசட்டோடு வந்த பிறகுதான் அவள் ‘மாரியோ’ ஆடினாள். வந்த ஒரு மாதத்தில் என்னைத் தோற்கடித்தாள். அவளைப் போல எத்தனை பேர் அந்தக் கடைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசுக் கம்பெனியான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. மறுவருஷம் பிரிகேட் ரோட்டில் வி.ஜி. சித்தார்த்தாவின் முதல் காபி டே கடை, காபியும் இன்டர்நெட்டும் சேர்ந்த சைபர் கஃபேயாகவே தொடங்கியது. சில வருஷங்களில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். மெயில் பார்க்க வருகிறவர்கள் குறையக் குறைய, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து ஆட்டம் விட்டவர்கள் பிழைத்தார்கள். எஸ்.பி. ரோட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கிக் கோரமங்களாவில் நானும் ஒரு கஃபே போட்டேன். டோக்கன் போய் மணிக்கணக்கு வந்தது. ஆட்டக்காரர்களும் மாறினார்கள்.

2000-இல் வால்வ் வெளியிட்ட ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆட ஐந்து பேர் ஐந்து பேராக வருவார்கள். ஒரு காலேஜ் இன்னொரு காலேஜோடு மோதும். ‘டஸ்ட் டூ’ என்ற மேப்பில் எந்த மூலையில் யார் ஒளிவான் என்பது அவர்களுக்கு ஹாஸ்டல் மாடிப்படியைவிட நன்றாகத் தெரியும். ஒளிந்து நின்று சுடுகிறவனுக்குக் ‘கேம்பர்’ என்று பெயர், அதைவிடப் பெரிய வசவு கிடையாது. எனக்கு அவனைப் பிடிக்கும். பொறுமைசாலி, நாற்காலியை உதைக்க மாட்டான், ஹெட்செட்டை உடைக்க மாட்டான்.

இங்கேதான் அந்த அலைகிறவனைக் கடைசியில் சந்தித்தேன். பி.யு. காலேஜ் பையன். மணிக்குக் காசு கட்டிவிட்டு ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’யில் உட்காருவான். எல்லோரும் அதில் போலீஸை அடிப்பார்கள், கார் திருடுவார்கள். இவன் ஒரு பைக்கை எடுத்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, கடற்கரை ரோட்டில் மெதுவாகப் போவான். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்பான். ஒரு மிஷன்கூட ஆடியதில்லை. ஏன் தம்பி என்று கேட்டேன். “நம்ம ஊர்ல கடல் இல்லையே அண்ணா” என்றான். அவன் மணி முடியும்போது நானே கொஞ்சம் கூட்டி விடுவேன். ஒரு ரூபாய் டோக்கன் காலத்தில் இவன் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில்தான் நின்றிருப்பான்.

2011-இல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசின் விதிகள் வந்தன. அடையாள அட்டை, ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டிய பதிவேடு, நாலரை அடிக்கு மேல் போகாத தடுப்பு, அட்டை இல்லாத சிறுவர்களோடு பெரியவர் ஒருவர். சரியான விதிகள்தான். ஆனால் பள்ளிப் பையன்கள் நின்றுபோனார்கள். அதற்குள் வீட்டிலேயே இணைப்பும் வந்துவிட்டது. நான் கடையை மூடினேன்.

இதே ஊரில், நாங்கள் அறியாமலே, ஆட்டம் செய்கிறவர்களும் இருந்தார்கள். ராஜேஷ் ராவின் துருவா இன்டராக்டிவ் 1997-இலிருந்தே வெளிநாட்டு ஆட்டங்களுக்கு வேலை செய்தது. 2019-இல் ‘ஜி.டி.ஏ.’வைச் செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கியது. என் கஃபேயில் பைக் ஓட்டிய பையனுக்கு இதைச் சொல்ல எனக்கு ஆசை.

2016-இல் ஜியோவின் மலிவு மொபைல் இன்டர்நெட் வந்தது, 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. ஆடக் காசு வேண்டாம், சட்டை வாங்கத்தான் காசு. இல்லாத துப்பாக்கிக்குப் பெயின்ட் வாங்குகிறவன் என்பது முற்றிலும் புது வகை. வேடிக்கை பார்க்கிறவர்கள் யூடியூபில் லட்சக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா பாதி விரட்டிய அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இன்று பந்தயங்கள் நடக்கின்றன. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் பதக்கம் வைத்தார்கள், இந்தியர்களும் போய் ஆடினார்கள். இன்னொரு பக்கம், நிறுத்த முடியாதவர்களுக்காக நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014-இலேயே ‘ஷட் கிளினிக்’ தொடங்கியது. அங்கே பையனைக் கூட்டிப்போன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். என் பழைய கஸ்டமர், அந்தக் காலத்து ஐந்து பேர் அணியில் ஒருவர். “நான் ஆடும்போது நீங்க ஷட்டர இறக்குவீங்க, வீட்டுக்குப் போயிடுவேன். இவனுக்கு ஷட்டர் இல்லண்ணா” என்றார்.

சீட்டுத் திரைக்காரர்களின் கதையும் முடியவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கக் கர்நாடகம் 2021-இல் போலீஸ் சட்டத்தைத் திருத்தியது, 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஈ-ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், பொழுதுபோக்கு ஆட்டம் ஒரு பக்கம், பண ஆட்டம் ஒரு பக்கம் என்று பிரித்து மூன்றாவதைத் தடை செய்தது. பெங்களூரில் இருக்கும் எம்.பி.எல். உட்படப் பல கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. பண ஆட்டத்தில் குடும்பம் அழிந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் நான் தடையின் பக்கம்தான்.

சித்தப்பாவின் பெட்டிகள் எடைக்குப் போய்விட்டன. ஆனால் எஸ்.பி. ரோட்டிலும் மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டிலும் தேடினால் பழைய போர்டு ஒன்று இன்னமும் அகப்படலாம். கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம் இருக்கிறது, என்னென்னவோ இயந்திரங்கள் இருக்கின்றன. ஒரு முஸ்தபா பெட்டியையும் அங்கே வைக்க வேண்டும். வைத்தால் கண்ணாடிக்குள் பூட்டாமல், ஓடுகிற நிலையில், பின்கதவைத் திறந்து சுவிட்சுகளைக் காட்டும்படி, பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று பார்க்க இடம் விட்டு வைக்க வேண்டும். சுவிட்சை எப்படித் தள்ளுவது என்று கேட்டால் நான் வந்து காட்டுகிறேன்.