போல்ட்டு போட்ட கார்

போன வருஷம் ஆடி மாசம், அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டை வீட்டு ஷெட்டுல துண்டு துண்டாக் கழட்டிப் போட்டேன். பானெட் ஒரு மூலை, கதவு ரெண்டும் திண்ணையில, மேல்கூரை மாமரத்தடியில. வீட்டம்மா வந்து பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இதைத் திரும்ப மாட்டத் தெரியுமா?"

தெரியாது. ஆனா சொல்லலை :-)

அதுக்கு முன்னாடி வண்டியை ஒரு பட்டறையில விட்டிருந்தோம். எட்டு மாசம் வெயில்ல நின்னுது. திரும்பி வந்தப்ப பளபளன்னு இருந்தது. அடுத்த மழையில பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு. சுரண்டிப் பாத்தா துரு மேலயே அரை இஞ்சுக்குப் பட்டி பூசியிருக்காங்க. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. "வித்துடுடா"ன்னார். அந்தக் குரலைக் கேட்டதும்தான், நானே பண்றதுன்னு முடிவு பண்ணேன்.

நீங்க கேக்கலாம், கார் பாடி வேலையைக் கத்துக்காத ஆளு எப்படிச் செய்ய முடியும்னு. வேற காரா இருந்தா முடிஞ்சிருக்காது. ஹெரால்டுங்கறதால முடிஞ்சது. அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1950கள்ல இங்கிலாந்தோட ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு கார் பாடி அடிச்சுக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953ல அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிடுச்சு. இனிமே புதுக் காருக்குப் பாடி கிடைக்காதுங்கற நிலைமை. முழு பாடியையும் ஒரே இடத்துல அழுத்தி எடுக்க ஆளில்லை. அப்ப என்ன பண்ணாங்க? தனி சேஸிஸ் ஒண்ணு வச்சு, அது மேல துண்டு துண்டா பாடியை போல்ட்டு போட்டு மாட்டற மாதிரி வடிவமைச்சாங்க. துண்டுகளைப் பல இடங்கள்ல செஞ்சு கொண்டுவந்து சேத்துக்கலாம். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைஞ்ச அழகான உருவம் வேற. 1959ல ஹெரால்டு வெளிவந்தது. மத்த கார்கள் தனி சேஸிஸை விட்டுட்டுப் போய்க்கிட்டிருந்த காலத்துல, இது பழைய முறைக்குத் திரும்பின கார்.

இந்தக் கட்டாயம் நம்ம ஊருக்கு வசதியாப் போச்சு. இந்தியாவுல 1953ல டாரிஃப் கமிஷன், சும்மா பாகங்களை வரவழைச்சுக் கோத்தா மட்டும் போதாது, இங்கயே உற்பத்தி செய்யணும்னு சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. கார்ல நிலைச்சது மூணு பேர்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில பிரீமியர், நம்ம சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ல ஸ்டாண்டர்டு. 1961ல இருந்து அங்க ஹெரால்டு வர ஆரம்பிச்சது. எஞ்சின் 948 சிசி. 1968ல நாலு கதவு வச்ச மார்க் 3 வந்தது. அந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது. அப்பாவோடது அதுக்கு முந்தின ரெண்டு கதவு வண்டி.

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

திருவண்ணாமலையில கடல்காத்து கிடையாது. ஆனாலும் தரை முழுக்கத் துரு. காரணம், கண்ணாடி ரப்பர் வெடிச்சு மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அப்பா ஆசையாப் போட்ட தேங்காய்நார் விரிப்பு அதைக் குடிச்சுட்டு மாசக்கணக்கா ஈரத்தை வச்சிருந்திருக்கு. துருவை வெட்டி எடுத்துட்டு 20 கேஜ் தகட்டுல ஒட்டு வெட்டினேன். காஸ் வெல்டிங்கை ஒரே மூச்சில ஓரமா இழுத்துட்டுப் போனேன். தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு.

போளூர் ரோட்டுல ஒரு வயசான டிங்கர் இருக்கார். பாய்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வந்து பாத்துச் சிரிச்சார்.

"தம்பி, சூடு பட்டா தகரம் விரியும், ஆறினா இருந்ததை விடச் சுருங்கும். இங்க ஒரு புள்ளி, எதிர்ல ஒரு புள்ளி வைங்க. நடுவுல டீ சாப்பிடுங்க."

பள்ளம் எடுக்கறதும் அவர் சொல்லித்தான் தெரிஞ்சது. பின்னால இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்து, முன்னால சுத்தியால சின்னச் சின்னதாத் தட்டணும். ஓங்கி அடிச்சா தகரம் மெலிஞ்சு விரிஞ்சுடும். அப்புறம் விரலால அமுக்கினா எண்ணெய் டின் மாதிரி 'டக் டக்'குங்கும். பட்டி கடைசிப் பூச்சுக்குத்தான், ஓட்டையை மூடறதுக்கில்லை.

இப்ப என் பெரிய தப்பைச் சொல்றேன். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல, போல்ட்டு இருக்கற இடத்துல எல்லாம் சின்னச் சின்ன பேக்கிங் துண்டு இருந்தது. ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் மூணு. ஏதோ குப்பைன்னு எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டேன். திரும்ப மாட்டினா இடது கதவு மூடவே மாட்டேங்குது!

துண்டு துண்டாச் செஞ்ச பாடி அச்சடிச்ச மாதிரி பொருந்தாது. அந்த மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் பேக்கிங். ஏதோ ஒரு தொழிலாளி ஒரு நாள் நின்னு, கதவைத் திறந்து மூடிப் பாத்து, எங்க வண்டிக்குன்னே அளந்து வச்ச கணக்கு அது. நான் ஒரு நொடியில அதைக் கலைச்சுட்டேன். அதைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆச்சு. கார்த்திகை தீபத்துக்குள்ள முடிக்கணும்னு நெனச்சது தை வரைக்கும் போச்சு.

கேட்டுத் தெரிஞ்சுக்க கம்பெனியும் இல்லை. 1985ல ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒரு பெரிய கார் விட்டாங்க, எடுபடலை. 1988ல உற்பத்தி நின்னது. கம்பெனி போச்சு, போல்ட்டு மட்டும் நம்ம கையில இருக்கு. 2021ல மத்திய அரசு, அம்பது வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவுன்னு ஒரு விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாத்தி அமைச்சிருக்கக் கூடாதாம். அதனால இந்த வேலையில இறங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டு கட்டுங்க, மூலத் தகட்டை முடிஞ்சவரை காப்பாத்துங்க.

தை கடைசியில ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவை உக்கார வச்சு சாத்தனூர் அணைக்குப் போனோம். சின்ன வயசுல இதே வண்டியில எங்களைக் கூட்டிட்டுப் போன வழி. போனதும் அப்பா இறங்கி கதவைச் சாத்தினார். திரும்பத் திறந்து இன்னொரு தடவை சாத்தினார்.

"சத்தம் பழையபடி இருக்குடா"ன்னார். விக்கறதைப் பத்தி அதுக்கப்புறம் பேசலை.