காதில் விழாத பாஷை

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் அங்கே உட்கார்ந்து பரதவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவர் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் போர்த்துக்கீசியப் பாதிரி. 1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய காரியம். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நமக்கு போர்த்துக்கீசியம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கட்டி, பரீட்சை வைத்து, பட்டம் கொடுக்கவில்லை. ஆனாலும் சாவி, மேசை, ஜன்னல், அலமாரி, கோப்பை எல்லாம் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. இவை அந்நியச் சொற்கள் என்று தனித்தமிழ்க்காரர் யாராவது எடுத்துச் சொன்னால்தான் நமக்குத் தெரிகிறது. பொருளோடு பெயரும் கைமாறியிருக்கிறது, வழி காது.

இங்கிலீஷ் வந்த வழி வேறு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிக்கூடங்களைப் பெருக்கிய ரேனியஸ் பிரஷ்யாக்காரர். இங்கிலீஷ் அவருக்கும் கற்ற பாஷைதான் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 1840களில் சாயர்புரத்தில் போப் நடத்திய பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் நடந்தன. செத்த பாஷைகளைக் கற்பிக்கிற முறை என்று ஒன்று உண்டு: இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம். உயிரோடிருந்த இங்கிலீஷையும் நாம் அந்த முறையில்தான் வாங்கிக்கொண்டோம். 1857இல் சென்னை சர்வகலாசாலை வந்து மெட்ரிகுலேஷன் பரீட்சை குறியான பிறகு கேட்கவே வேண்டாம். உத்தியோகத்துக்கு வேண்டியது எழுத்து. பேச்சு அப்புறம்.

இதனால் ஒரு விநோதம் நேர்ந்தது. நம் ஜில்லாவிலிருந்து இங்கிலீஷில் நாவல் எழுதுகிறவர் கிளம்பிவிட்டார். பெருங்குளத்து மாதவையா ‘தில்லை கோவிந்தன்’ எழுதியது 1903இல். அதே தலைமுறையில் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போனவர்கள் அதை ‘டேசன்’ ஆக்கி, சுகமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் இங்கிலீஷ் கிடைத்தது. ஒருவருக்குக் கண் வழியாக, மற்றவருக்குக் காது வழியாக. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சாதாரணப் பேச்சு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற, வழி விசாரிக்கிற, கோபித்துக்கொள்கிற, சமாதானமாகிற பாஷை, யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது மனு. ‘ஐ பெக் டு சப்மிட்’ என்று தொடங்கி ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வெண்ட்’ என்று முடிகிற பாஷை. அதன் கடைசி வாரிசு நம் எல்லோருக்கும் தெரிந்த லீவ் லெட்டர்: ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் மிதித்த எவனும் தூக்கத்தில் எழுப்பினாலும் இதைச் சொல்லுவான். கல்யாணத்துக்குப் போனவனும் திருவிழாவுக்குப் போனவனும் காய்ச்சலில் கிடந்ததாகவே எழுதினான். வேறு காரணத்துக்கு அவனிடம் வாக்கியம் இல்லை. நமக்கு முதலில் வாய்த்த அன்றாட இங்கிலீஷ் வாக்கியமே பெரும்பாலும் பொய்.

அன்றாடச் சொற்களைத் தனியே பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்ற யோசனை உலகத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. டாக்காவில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1926இல் வங்காளத்துப் பையன்களை வைத்து இருமொழிப் பிரச்சினை பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். வங்காளத்துப் பையனுக்கு முதல் தேவை வாசிப்பு, பேச்சு அல்ல என்பது அவர் கட்சி. 1930இல் ஆக்டன் 850 சொற்களில் ஒரு இங்கிலீஷைக் கட்டிக் காட்டினார். 1953இல் வெஸ்டின் பட்டியல் ஏறக்குறைய 2000 சொற்களோடு வந்தது. சென்னை ராஜ்யம் 1952இலேயே வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தது. 1950களின் இறுதியில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது திட்டம். சிலருக்குக் கற்பித்து, அவர்கள் சிலருக்குக் கற்பித்து, இப்படி உருண்டு பெருகுவதால் அதற்கு ‘மதராஸ் பனிப்பந்து’ என்று பெயர். (பனிப்பந்து உருட்டியவர்கள் பங்குனி வெயிலில் பாளையங்கோட்டையைப் பார்த்திருக்கவேண்டும்.)

முறையில் குற்றம் சொல்வதற்கில்லை. காதுக்கு முதலிடம் என்றுதான் அது சொன்னது. ஆனால் உருண்டு உருண்டு எங்கள் வாத்தியார்களின் வாத்தியார்களைத் தாண்டி எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியது ஒரு பேனா மட்டும். அதைத் தூக்கிப் பிடித்து ‘திஸ் இஸ் எ பென்’ என்றார் சார். நாற்பது பேர் திருப்பிச் சொன்னோம். கண்ணெதிரே இருக்கிற பேனாவைப் பேனா என்று யாரிடம், எதற்காகச் சொல்ல வேண்டிவரும் என்று அன்று தோன்றவில்லை. ‘அந்தப் பேனாவைக் கொஞ்சம் தாங்களேன்’ என்பதற்கு இங்கிலீஷ் என்ன என்பதை யாரும் சொல்லித்தரவுமில்லை.

நான் இங்கிலீஷில் பி.ஏ. கீட்ஸும் எலியட்டும் படித்தாயிற்று. பாங்கில் சேர்ந்த புதிதில் வடக்கே ஒரு ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தங்கிய விடுதியில் ஒரு காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. இதைச் சொல்ல என்னிடம் வாக்கியம் இல்லை. காகிதம் எடுத்து, ‘தண்ணீர் இன்மையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன்’ என்ற பொருளில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஆள் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்து அறைக்காரன் மாடிப்படியில் நின்று ‘நோ வாட்டர்!’ என்று கத்தினான். தண்ணீர் வந்தது.

இப்போது கவுண்டரில் தினமும் வேறொரு இங்கிலீஷைக் கேட்கிறேன். வயல்காட்டிலிருந்து வருகிற ஆச்சிகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். ஆனால் ‘ஐயா, அந்த எஃப்டி மெச்சூர் ஆயிட்டான்னு பாத்துச் சொல்லுங்க. ஆயிருந்தா ரினீவல் போட்டுருங்க’ என்கிறபோது ஒரு சொல்லும் இடம் தவறுவதில்லை. ஜன்னலும் சாவியும் வந்த அதே வழியில் இதுவும் வந்திருக்கிறது. முப்பது நாளில் இங்கிலீஷ் கற்பிக்கிற புஸ்தகங்களைத் தேடிப் போகிறவன் ஆச்சியின் பேரன், பி.ஏ. படித்தவன்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் 1890களில் பாரதி படித்தான். அந்தப் படிப்பால் தகப்பனாருக்குப் பணம் போயிற்று, தனக்குக் கெடுதல்தான் வந்தது என்று பின்னால் சுயசரிதைக் கவிதையில் எரிந்து விழுந்தான். ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டதும் அவனேதான். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். புதுமைப்பித்தன் இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931இல். இங்கிலீஷ் வழியாக ஐரோப்பாவை அத்தனை வாசித்தவருடைய பிள்ளைமார் வாயைத் திறந்தால் திருநெல்வேலி கேட்கிறது. கண்ணால் வாங்கியதை அவர் காதில் போட்டுச் சோதித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. மாதவையாவோ, இங்கிலீஷில் நாவல்கள் எழுதிய பிறகு, 1925இல் சர்வகலாசாலை செனட்டில் பி.ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

நம் சிறுபத்திரிகை விமர்சனத் தமிழ் எந்த இங்கிலீஷிலிருந்து வந்தது? நாமும் கேட்காத பாஷையைத்தான் வாசித்தோம். அதில் யோசித்தோம். அந்த யோசனையைத் தமிழ் எழுத்தில் இறக்கிவைத்தோம். ‘இருத்தலின் இன்மை’ என்று நாம் எழுதுவதற்கும் நான் விடுதியில் எழுதிய ‘தண்ணீர் இன்மை’க்கும் தூரம் அதிகமில்லை.

இந்தக் கட்டுரையை முடித்ததும் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர், பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர். மூன்று இடத்தில் நிறுத்தி, ‘திரும்பச் சொல்லு’ என்றார். அந்த மூன்று வாக்கியங்களையும் எடுத்துவிட்டேன்.