ஊரும் கேரியும்: கன்னடக் கவிஞர் சித்தலிங்கையா

தமிழில் சகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ககரம் நிற்பதைப் பல சொற்களில் காணலாம். நம் செவி அவர்க்குக் 'கிவி'. நம் சேறு அவர்க்குக் 'கெசரு'. நம் சேரி அவர்க்குக் 'கேரி'. ஒரு தாய் வயிற்று மொழிகள் என்பதற்கு இவை சான்று என்று புலவர் மகிழ்வர். ஆயின், சொல்லைப் போலவே, ஒரு சாராரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்த வழக்கமும் இரு நாட்டிலும் ஒன்றாயிருந்ததை எண்ணும்போது அம்மகிழ்ச்சி குன்றுகிறது. அவ்வழக்கத்தை எதிர்த்துக் கன்னடத்தில் பாடியவர் சித்தலிங்கையா. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரே 'ஊரு கேரி' என்பதாம்.

அவர் 1954ஆம் ஆண்டு, பெங்களூரை அடுத்த மாகடி வட்டத்து மஞ்சனபெலே என்னும் சிற்றூரில், தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தார். இருவர் எருதுகளைப் போல் நுகம் சுமந்து நிலக்கிழாரின் வயலை உழுத காட்சியை இளமையில் கண்டார். அவ்விருவருள் ஒருவர் அவர் தந்தை! பின்னாளில் அவர் பாட்டில் எழுந்த கனலுக்கு வித்து எதுவெனத் தேட வேண்டுவதில்லை.

பிழைப்பை நாடிக் குடும்பம் பெங்களூர் வந்தது. தமிழ்த் தொழிலாளரும் மிகுதியாக வாழும் சிறீராமபுரத்துக் குடிசைப் பகுதியில் அவர் வளர்ந்தார். நெருக்கமான குடிசையில் படிக்க இடமேது? தனிமை வேண்டியபோது சுடுகாட்டிற்குச் சென்று அமர்வார். அங்கேதான் படித்தார், கவிதையும் எழுதினார்.

1973இல் அமைச்சர் பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்துள் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத்தீனி என்று பேசினார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. அமைச்சர் பதவி துறந்தார். கேரியில் பிறந்த இளைஞர்களோ, 'இவ்விலக்கியத்தில் எங்களுக்கு இடம் எங்கே?' என்று வினவினர். அவ்வினாவினின்றும் 'தலித் சங்கர்ஷ சமிதி' உருவாயிற்று. அதனைத் தோற்றுவித்தோருள் சித்தலிங்கையாவும் ஒருவர். 1975இல் அவருடைய முதல் தொகுதி 'ஹொலெமாதிகர ஹாடு' வெளிவந்தது. ஹொலையர், மாதிகர் என்பன பிறர் இழிவாய் வழங்கிய குலப்பெயர்கள். அப்பெயர்களையே அவர் நூலின் முடியில் சூட்டினார். அவர் பாடல்கள் ஏட்டில் உறங்கவில்லை. எழுத்தறியா மக்களின் வாயில் ஊர்வலங்களில் முழங்கின.

1979இல் 'சாவிரார நதிகளு' என்னும் தொகுதி வந்தது. 'பண்டாய' எனப்படும் எதிர்ப்பிலக்கிய அமைப்பு தோன்றிய ஆண்டும் அதுவே. நாடகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கட்டைவிரலைக் காணிக்கையாகக் கொடுத்த வேடனை 'ஏகலவ்ய' நாடகத்தில் மேடையேற்றினார். நால்வருணத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவனைக் குறிக்கும் சொல்லே 'பஞ்சம' நாடகத்தின் பெயர். 'நெலசம' அவருடைய மற்றொரு நாடகம்.

பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியராய் விளங்கினார். கிராம தேவதைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இருமுறை மேலவை உறுப்பினராகவும் இருந்தார். பதவி வந்தபின் பழைய சினம் தணிந்துவிட்டதெனக் குறைகூறியோரும் உண்டு. ஆனால் தன் வரலாற்றை அவர் எழுதிய முறையைக் காண்க! பசியையும் அவமதிப்பையும் நகைச்சுவை ததும்பக் கூறுகிறார். நகைத்தவாறே படிக்கும் நாம், திடுமென நாணித் தலைகுனிகிறோம். சினத்தால் ஆகாததை நகை செய்து முடிக்கிறது. அந்நூலைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' எனத் தமிழாக்கியுள்ளார்.

2015இல் சிரவணபெளகொளாவில் நடந்த கன்னட இலக்கிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், 2021 சூன் திங்களில் கொரோனா நோய்க்கு இரையானார். மறைவுக்குப்பின், 2022இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

பிற மாநிலத்தில் வாழும் நாம் 'எங்கள் காலனி' என்று பெருமிதத்துடன் கூறுகிறோம். தமிழகத்துச் சிற்றூர்களிலோ அச்சொல் ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பின் பெயராய்விட்டது. அரசு ஆவணங்களினின்றும் அதனை நீக்கப்போவதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. பெயரை நீக்க அரசாணை போதும்; ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள வேலியை நீக்க மனம் வேண்டும். பண்டைத் தமிழில் 'சேரி' என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது. அப்பழம்பொருள் மீளுமாறு வாழ்வதே அக்கன்னடக் கவிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.