காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: 19 பேர் ஒரே மேடை ஏறியது எப்படி?

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை சபாக்களில் மார்கழி சீசன் ஓடிக்கொண்டிருந்த நேரம். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் வேறொரு கச்சேரி. கோட்-சூட்டில் கானா பாடகர்கள், பக்கத்தில் பறையும் சட்டியும், பின்னால் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும். மொத்தம் 19 பேர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் மேடை அது.

யார் சேர்த்தது?

இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' அமைப்பும். டென்மா அதற்கு முன்பே 'குரங்கன்' என்ற தமிழ் ராக் குழுவில் இருந்தவர். சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டு போடும் சின்ன வட்டம் அது.

வெளிநாட்டில் 'சூப்பர் குரூப்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே பேர் எடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து புதுக்குழு ஆரம்பிப்பார்கள். 1966-ல் தொடங்கிய 'க்ரீம்' அப்படித்தான். மூணே பேர், இரண்டே வருஷத்தில் கலைந்தது. இங்கே கதை தலைகீழ். குரல் தேர்வு நடத்தி ஆள் எடுத்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை கிடைத்த மேடை, சாவு வீட்டுப் பந்தல்தான்.

கானா ஏன்?

வடசென்னையில் ஒருவர் இறந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவது கானா. போனவரின் பெருமை, பிரிவு, குடும்பக் கஷ்டம், நடுவில் கொஞ்சம் கிண்டல் என எல்லாம் அதில் வரும். வானூர், திண்டிவனம் பக்கம் சாவுக்குப் பறைமேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அடிக்கிறவர் கை எல்லோருக்கும் வேண்டும், ஆனால் கல்யாண மேடையில் அவருக்கு இடம் இருக்காது. 90-களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் வந்து ஹிட் அடித்தது. அங்கே அது பெரும்பாலும் ஜாலிப் பாட்டாகத்தான் இருந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதே மெட்டில் இடஒதுக்கீட்டைப் பாடியது, மாட்டுக்கறியைப் பாடியது, அம்பேத்கரைப் பாடியது. ராப் எழுதியவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. கிட்டார் சாஹிப் சிங், டிரம்ஸ் மனு கிருஷ்ணன். தொடக்கத்தில் குழுவில் ஒரே பெண் இசைவாணி. கானா என்றாலே ஆண்கள் சமாச்சாரம் என்றிருந்த இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சத்தம் பற்றியும் சொல்லணும். சட்டி மேளம் பக்கத்தில் இருக்கும்போது கிட்டார் அடங்கிப் போகாமல் இருக்க, அதையும் ஓங்கித்தான் வாசிக்கணும். குழுவின் ராக் தன்மை பாதி அங்கிருந்து வருகிறது. மெல்லிசை ரசிகர்களுக்கு இது இரைச்சலாகத் தெரியலாம். தெருவில் வளர்ந்த இசை வேறு எப்படி இருக்கும்?

பெயர் எங்கிருந்து வந்தது?

1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து. 'சாதிபேதமற்ற' என்ற அடையாளத்தை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே முன்வைத்தார். அதன் ஆங்கில வடிவம்தான் குழுவின் பெயர். 'சாதி இல்லைன்னு சொல்லிட்டு சாதியைப் பத்தியே பாடறாங்களே' என்பது அடிக்கடி வரும் கேள்வி. இருப்பதைப் பேசாமல் இல்லாமல் ஆக்க முடியாது என்பதுதான் அந்தப் பாடல்களின் நிலைப்பாடு.

பிறகு?

19 பேரை வைத்து ஒரு குழுவை நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒத்திகை, பயணம், சம்பளம் என எதை எடுத்தாலும் செலவு. கொஞ்ச நாளிலேயே பலருக்கும் தனிப்பாதை அமைந்தது. அறிவு 2018-ல் 'காலா' படத்துக்குப் பாட்டு எழுதினார். 2021-ல் தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, கானாவையும் பறையையும் சபா சீசனிலேயே மேடை ஏற்றியது.

பழைய பாட்டுகள் இன்னும் வம்பில் மாட்டுகின்றன. 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடலுக்காக 2024 நவம்பரில் இசைவாணி மீது புகார்கள் கொடுக்கப்பட்டன, மிரட்டல்களும் வந்தன. அது கோயில் நுழைவு உரிமை பற்றிய பாடல், பக்தர்களைப் புண்படுத்த எழுதியது அல்ல என்று நீலம் விளக்கம் கொடுத்தது. முதல் மேடை ஏறி அப்போது கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஆகியிருந்தது.