வயசு என்ன தம்பி?

துப்பாக்கியோடு ஒரு சிறுவன் பிடிபடுகிறான். குற்றவாளி அவனா, அவன் கையில் அதைக் கொடுத்தவனா? 2002-ம் வருஷம் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன. இரண்டையும் சொன்னவர்கள் அமெரிக்கர்கள் என்பதுதான் விசேஷம்.

முதல் பதில், ஆப்பிரிக்காவில். சியரா லியோனில் 1991 தொடங்கி 11 வருஷம் உள்நாட்டு யுத்தம். ஊர் ஊராகப் புகுந்து பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். போதை மருந்தைக் கொடுத்து, கொல்லச் சொன்னார்கள். யுத்தம் முடிந்ததும் ஐ.நா. ஒப்பந்தத்தின்படி ஃப்ரீடவுனில் ஒரு சிறப்பு நீதிமன்றம் வந்தது. 15 வயசு நிரம்பிய யாரையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால், தலைமை அரசு வழக்கறிஞராக வந்த அமெரிக்கர் டேவிட் கிரேன், அந்த நவம்பரிலேயே அறிவித்துவிட்டார். சிறுவர்கள் மீது வழக்கு கிடையாது. பிடித்துப் போனவர்கள்தான் கூண்டில் ஏறவேண்டும். ஏறினார்கள். 2007 ஜூனில் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. குழந்தைகளைப் படையில் சேர்த்த குற்றத்துக்கு ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதுவே முதல் முறை.

இரண்டாவது பதில், ஆப்கானிஸ்தானில்.

ஓமர் காதர், டொரண்டோவில் பிறந்த கனடாக் குடிமகன். எகிப்திலிருந்து வந்து குடியேறிய அப்பாவுக்கு ஒசாமா பின்லேடனோடு நெருக்கம். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் பின்லேடனின் வளாகத்திலேயே கொஞ்சகாலம் குடியிருந்தார். 2002-ல் அல் காயிதா கூட்டாளிகளுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டபோது, மகனை அனுப்பிவைத்தார். வயசு 15. உனக்குச் சம்மதமா என்று கேட்பதற்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

ஜூலை 27. கோஸ்ட் அருகே அவர்கள் தங்கியிருந்த வீட்டை அமெரிக்கப் படை சுற்றி வளைத்தது. சண்டையில் கையெறிகுண்டு வெடித்து சார்ஜென்ட் கிறிஸ்டோபர் ஸ்பியர் படுகாயமடைந்தார். சில நாளில் இறந்தும் போனார். அவருக்கும் மனைவி உண்டு, இரண்டு சின்னக் குழந்தைகள் உண்டு. இடிபாட்டுக்குள் முதுகில் இரண்டு தோட்டாக்களோடும், பார்வை போன இடது கண்ணோடும் ஓமர் கிடந்தான். குண்டை எறிந்தவன் இவன்தான் என்றது ராணுவம்.

பக்ராம் சிறையில் விசாரணை. ஒத்துழைக்காத ஒரு பையனை அமெரிக்கச் சிறையில் என்ன செய்தார்கள் என்று ஒரு பலாத்காரக் கதையை இட்டுக்கட்டிச் சொல்லி மிரட்டியதை, விசாரித்தவரே 2010-ல் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். அக்டோபரில் குவாண்டனாமோ. அங்கே மூன்று ஆப்கன் சிறுவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, பாடம் சொல்லிக்கொடுத்து, 2004 ஜனவரியில் ஊருக்கு அனுப்பினார்கள். ஓமருக்கு அந்த யோகம் இல்லை. வந்து இறங்குவதற்குச் சில வாரம் முன்னால்தான் 16 முடிந்திருந்தது. பெண்டகன் கணக்கில் அவன் பெரியவன்! 18 வயசுக்குக் கீழே யாரையும் ஆயுதக் குழுக்கள் சேர்க்கக்கூடாது, சேர்க்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தரவேண்டும் என்கிற ஐ.நா. நெறிமுறையை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது அதே வருஷம் டிசம்பரில்தான்.

சிறுவனாக இருந்தபோது செய்ததற்காக யாரையும் போர்க்குற்றவாளியாக்கக் கூடாது என்று 2010-ல் எதிர்ப்புச் சொன்னவர், ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ராதிகா குமாரசுவாமி. இலங்கைத் தமிழர். யார் கேட்டார்கள்? அந்த அக்டோபரில் ஓமர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூரி சொன்னது 40 வருஷம். பேரம் ஏற்கெனவே படிந்திருந்ததால் 8 வருஷம். ஊருக்குப் போக வேறு வழி இல்லாமல்தான் ஒப்புக்கொண்டேன் என்று பிற்பாடு சொன்னார். 2017-ல் கனடா மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தது.

ஃப்ரீடவுனில் செத்தது ஆப்பிரிக்கர்கள். கோஸ்டில் செத்தவர் அமெரிக்கர். ஒரு பிள்ளை பிள்ளைதானா இல்லையா என்பதை அவன் வயசு தீர்மானிக்கவில்லை. அவன் யாரை நோக்கிச் சுட்டான் என்பது தீர்மானித்தது.

மகனை அனுப்பிவைத்த அப்பா எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. 2003 அக்டோபரில் பாகிஸ்தான் ராணுவத்தோடு நடந்த மோதலில் இறந்துபோனார். 15 வயசில் உள்ளே போன மகன், 2015 மே மாதம் கனடாவில் ஜாமீனில் வெளியே வந்தபோது வயசு 28.