ஒரு சொல்லைத் தேடப் போய்ப் பிறந்த தொழில்



இன்று வக்கீல்கள் செல்போனிலேயே தீர்ப்புகளைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். இந்தச் சேவையை விற்றே பிழைக்கும் கம்பெனிகள் உலகெங்கும் இருக்கின்றன. அந்தத் தொழிலின் தொடக்க காலத்தைப் படித்தபோது, ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை கிடைத்தது.

1950களின் இறுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை அங்குள்ள சட்டங்கள் 'ரிட்டார்டட் சைல்ட்' என்று குறிப்பிட்டன. அந்தச் சொல் வேண்டாம், 'எக்செப்ஷனல் சைல்ட்' என்று மாற்றுவோம் என மசோதா வந்தது. நம் ஊரில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது போல.

மாற்றுவது என்று முடிவு செய்யலாம். ஆனால் பழைய சொல் எந்தெந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் ஒளிந்திருக்கிறது என்று யார் தேடுவது? ஓரிடம் விட்டுப்போனாலும் இரண்டு பெயரும் சட்டத்தில் நிற்கும். இரண்டும் ஒரே பிள்ளையைத்தான் குறிக்கின்றனவா என்று வாதம் கிளம்பினால், அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டிய உதவி நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சுகாதாரச் சட்ட மையத்தை நடத்திவந்தவர் ஜான் ஹார்ட்டி என்ற வழக்கறிஞர். முதலில் மாணவர்களை உட்காரவைத்துச் சட்டப் புத்தகங்களைப் படிக்கச் சொன்னார்கள். விடுபட்டவை இருந்தன. வேறு மாணவர்களைக் கொண்டு திரும்பப் பார்த்தார்கள். அப்போதும் பிழை. மதிப்பெண் பட்டியல் சரிபார்த்த ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. நாலு பேர் பார்த்த பட்டியலிலும் ஒரு தவறு தப்பிவிடும்.

ஹார்ட்டி வேறு வழி பார்த்தார். சட்டங்களின் முழு வாசகத்தையும் துளை அட்டைகளில் பதியவைத்துக் கணினிக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முக்கியச் சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று கணினி பட்டியல் போட்டது. கேட்ட சொல் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் சுருக்கத்தைப் பதியாமல் முழு வாசகத்தையும் பதிந்ததுதான். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று இன்று யாருக்குத் தெரியும்? முழுதும் இருந்தால் எந்தக் கேள்விக்கும் தேடலாம். வேலை அதிகம்தான். ஆனால் அந்த உழைப்பே பிறகு முதலீடாயிற்று.

1960இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினார். அமெரிக்க விமானப்படை தன் சட்டப் பிரிவுக்கு இதே முறையை எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழக வேலையாக இருந்தது, 1960களின் இறுதியில் ஆஸ்பென் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியாயிற்று.

ஒஹையோ மாநில வழக்கறிஞர்கள் 1967இல் தொடங்கிய இதே போன்றதொரு முயற்சி, 1973இல் 'லெக்சிஸ்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நம் நாட்டில் 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினி மாணவர் தொடங்கிய 'இந்தியன் கானூன்', தீர்ப்புகளை யாரும் இலவசமாகத் தேடிப் படிக்க வழி செய்தது.

வீட்டில் சட்டமோ கணினியோ படிக்கும் பிள்ளைகள் தொழில் தொடங்க 'ஐடியா' தேடிக்கொண்டிருந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். எல்லோரும் சலிப்போடு செய்து, செய்தும் தப்பாகிப் போகும் வேலை எது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.